தீனி எடுக்காத சிங்கமும் அசை போடாத மாடும்

2021 மே 26. கொரோனாவின் இரண்டாம் அலையில் வண்டலூர் அறிஞர் அண்ணா உயிரியல் பூங்கா பூட்டிக் கிடந்தது. 602 ஹெக்டேர் பரப்பில் பார்வையாளர் ஒருவர்கூட இல்லை. சஃபாரிப் பகுதியின் விலங்கு இல்லத்தில் இருந்த சிங்கங்களில் ஐந்து அன்று சரியாகத் தீனி எடுக்கவில்லை. நடுநடுவே இருமின. வெளியே தெரிந்தது இவ்வளவுதான்.

சிங்கத்தின் அருகில் போய் வெப்பமானி வைத்துக் காய்ச்சல் பார்க்க முடியாது. நெஞ்சில் ஸ்டெதாஸ்கோப் வைக்க வேண்டுமென்றால் மயக்க ஊசி போட வேண்டும். நுரையீரல் பழுதாகியிருக்கக்கூடிய விலங்குக்கு மயக்க மருந்தே ஆபத்து. எனவே அங்கே மருத்துவரின் முதல் தகவல், தினமும் இறைச்சி வைக்கும் காப்பாளரின் கண்ணிலிருந்துதான் வரும். பெரும் பூனைகளுக்கு வாரத்தில் ஒரு நாள் இறைச்சி கொடுக்காமல் விடுவது பல பூங்காக்களில் வழக்கம். மறுநாள் எந்தச் சிங்கம் முதலில் எழுந்து வரும், எது கடைசிவரை படுத்தே கிடந்துவிட்டு வரும் என்பதெல்லாம் காப்பாளருக்குத் தெரியும். அந்த வழக்கத்திலிருந்து விலகுவதுதான் நோயின் முதல் தடயம்.

பூங்காவின் மருத்துவர்களோடு தமிழ்நாடு கால்நடை மருத்துவ அறிவியல் பல்கலைக்கழகத்தின் வல்லுநர்களும் சேர்ந்துகொண்டார்கள். பதினொரு சிங்கங்களின் மாதிரிகள் போபாலில் உள்ள உயர் பாதுகாப்பு விலங்கு நோய்கள் தேசிய நிறுவனத்துக்குப் போயின. ஜூன் 3 அன்று வந்த முடிவில் ஒன்பது சிங்கங்களுக்குத் தொற்று உறுதியானது. அதே நாள் மாலை நீலா என்ற ஒன்பது வயதுப் பெண் சிங்கம் இறந்தது. ஜூன் 16 அன்று பன்னிரண்டு வயது ஆண் சிங்கம் ஒன்றும் இறந்தது. நான்கு சிங்கங்களிடம் எடுத்த வைரஸின் மரபணுவை வரிசைப்படுத்திப் பார்த்ததில், அது அப்போது நம் வீடுகளைச் சூறையாடிக்கொண்டிருந்த டெல்டா வகை என்று தெரிந்தது.

இந்த வரலாற்றில் என்னை மிகவும் உலுக்குவது நீலாவின் கதை. அவள் சாவதற்கு முந்தைய நாள்வரை பெரிதாக எந்த அறிகுறியும் காட்டவில்லை என்று பூங்காவின் அறிக்கையே சொல்கிறது. ஜூன் 2 அன்று மூக்கில் நீர் வடிந்தது. உடனே சிகிச்சை தொடங்கினார்கள். அடுத்த மாலை எல்லாம் முடிந்துவிட்டது. ஐந்து சிங்கங்கள் உடம்பு சரியில்லை என்பதை உண்ணாமலே தெரிவித்தன. இன்னொன்று கடைசிவரை தெரிவிக்கவே இல்லை. கால்நடை மருத்துவத்தின் மொத்தச் சிக்கலும் இந்த இரண்டுக்கும் நடுவில் இருக்கிறது.

நோயுற்ற விலங்கு ஏன் சாப்பிடாமல் சுருண்டு படுக்கிறது? வெகுகாலம் இதற்கு எல்லாரும் சொன்ன பதில், உடம்பில் தெம்பில்லை என்பதுதான். 1988இல் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் டேவிஸ் வளாகத்தைச் சேர்ந்த கால்நடை நடத்தையியலாளர் பெஞ்சமின் ஹார்ட் இதைத் தலைகீழாகப் பார்க்கச் சொன்னார். படுத்துக் கிடப்பது, தீனியை ஒதுக்குவது, உடம்பை நக்கிச் சுத்தம் செய்யாமல் விடுவது எல்லாமே நோயை எதிர்க்க உடல் வகுத்துக்கொண்ட திட்டம் என்றார் அவர். தொற்று ஏற்பட்டதும் நோய் எதிர்ப்புச் செல்கள் சைட்டோகைன் என்னும் புரதங்களை வெளிவிடுகின்றன. அவை மூளைக்குச் செய்தி அனுப்ப, மூளை உடல் வெப்பத்தைக் கூட்டுகிறது. காய்ச்சலுக்கு ஏராளமான ஆற்றல் தேவை. அதைச் சேமிக்கத்தான் விலங்கு அசையாமல் கிடக்கிறது. இரை தேடி அலையும் செலவும் மிச்சம். பல பாக்டீரியாக்கள் பெருகத் தேவையான இரும்புச் சத்து உணவு வழியாக வருவதும் குறைகிறது.

காய்ச்சல் வேலை செய்கிறது என்பதற்கு ஒரு அழகான சான்று பாலைவனப் பல்லி ஒன்றிடமிருந்து கிடைத்தது. ஊர்வனவற்றால் உடலுக்குள்ளேயே வெப்பத்தை உண்டாக்க முடியாது; வெயிலுக்கும் நிழலுக்கும் நகர்ந்துதான் சரிசெய்துகொள்ள வேண்டும். 1970களில் மிச்சிகன் பல்கலைக்கழகத்தில் மேத்யூ குளுகரும் கூட்டாளிகளும் பாலைவன இகுவானாக்களுக்குப் பாக்டீரியாவைச் செலுத்திப் பார்த்தார்கள். அவை வழக்கத்தைவிடச் சூடான இடத்தைத் தேடிப் போய் உட்கார்ந்தன. சூடான இடத்தில் இருக்க விட்டவற்றில் அதிகம் பிழைத்தன; குளிர்ந்த இடத்தில் அடைத்தவற்றில் அதிகம் இறந்தன. நகர்ந்து உட்கார்வது என்ற ஒரே நடத்தைதான் அந்தப் பல்லியின் மருந்து.

அப்படியானால் நீலா ஏன் எதையும் காட்டவில்லை? அவளுடைய உடலுக்குள் என்ன நடந்தது என்று நான் ஊகிக்கப் போவதில்லை. ஆனால் பொதுவாக ஒன்று சொல்லலாம். காட்டில் பலவீனத்தை வெளிக்காட்டும் விலங்குக்கு விலை உண்டு. மான் நொண்டினால் வேட்டையாடும் விலங்கு அதைத்தான் குறிவைக்கும். கூட்டமாக வாழும் மிருகத்தில் தளர்ந்தது தெரிந்தால் அதன் இடத்தைப் பிடிக்க இன்னொன்று வரும். பறவை, முயல், ஆடு, பூனை எல்லாமே வலியை மறைப்பதில் தேர்ந்தவை. ஆபத்து அருகில் இருக்கிறது என்று தோன்றும்போதுதான் இன்னும் இறுக்கமாக மறைக்கும். நாம் பரிசோதிக்கக் கிட்டப் போகும் தருணமே விலங்குக்கு ஆபத்தான தருணமாகத் தோன்றுகிறது என்பதுதான் துயரம்.

வண்டலூரிலிருந்து தாம்பரம் பக்கம் வந்தால் இந்தப் பாடத்தை எந்தப் புத்தகமும் படிக்காமல் தெரிந்து வைத்திருப்பவர்களைப் பார்க்கலாம். சேலையூர், மாடம்பாக்கம், வேங்கைவாசல், முடிச்சூர்ப் பக்கங்களில் அடுக்குமாடிகளுக்கு நடுவே இன்னமும் நாலைந்து கறவை மாடுகளை வைத்துக்கொண்டு காலையும் மாலையும் பால் ஊற்றுகிற குடும்பங்கள் இருக்கின்றன. அவர்கள் கால்நடை மருந்தகத்துக்கு வந்தால் காய்ச்சல் என்றோ வயிற்றுவலி என்றோ தொடங்குவதில்லை. “நேத்து ராத்திரியிலேர்ந்து அசை போடல சார்” என்பார்கள். அல்லது, “தண்ணி காட்டினா மூஞ்சியத் திருப்பிக்குது டாக்டரம்மா.” இந்த ஒரு வாக்கியத்தில் மருத்துவருக்குப் பாதி வேலை முடிந்துவிடுகிறது.

நல்ல நிலையில் இருக்கும் மாடு ஒரு நாளில் ஏறத்தாழ ஏழெட்டு மணி நேரம் அசை போடும். அதன் முதல் வயிறு நூறு லிட்டருக்கு மேல் கொள்ளும் நொதிகலன். கோடானுகோடி நுண்ணுயிர்கள் உள்ளே வேலை செய்கின்றன. வயிறு நிமிடத்துக்கு ஒன்றிரண்டு முறை சுருங்கி விரிந்து தீனியைக் கலக்குகிறது. காய்ச்சல், வலி, வயிற்று உப்புசம், ரத்தத்தில் சுண்ணாம்புச் சத்துக் குறைவு என்று எது வந்தாலும் இந்த அசைவு மந்தமாகிவிடும். அதனால் அசை நிற்பது எந்த நோய் என்று சொல்லாது. ஏதோ நோய் என்று மட்டும் மிகச் சீக்கிரமாகச் சொல்லும். பால் குறைவதும் அப்படித்தான். இன்று மேல்நாட்டுப் பண்ணைகளில் மாட்டின் கழுத்துப் பட்டையில் உணர்கருவி பொருத்தி, அசை போடும் நிமிடங்களைக் கணினியில் கணக்கெடுக்கிறார்கள். நம் ஊரில் அந்த வேலையைத் திண்ணையில் உட்கார்ந்திருக்கும் பாட்டி செய்கிறார். அவர் சொல்லுக்கு அதே மதிப்பைக் கொடுக்க வேண்டும் என்பது என் கட்சி.

அடுத்த கட்டம் மாடு எப்படி நிற்கிறது என்பது. மேய்ச்சல் நிலம் போய்விட்ட புறநகரில் மாடுகள் தெருக் குப்பையைக் கிளறுகின்றன. முடிச்சுப் போட்ட பிளாஸ்டிக் பையில் மிச்சச் சாம்பார் சாதம் இருந்தால் பையோடு விழுங்கும். மாட்டுக்கு மென்று பிரித்துத் துப்பத் தெரியாது. கட்டுமான இடத்துக் கம்பித் துண்டும் ஆணியும்கூட இப்படியே உள்ளே போகும். கனமான இரும்பு, தேன்கூடு போன்ற உள்பரப்பு கொண்ட இரண்டாம் வயிற்றில் தங்கும். அதற்கு முன்னால், உதரவிதானத்துக்கு அந்தப் பக்கம், சில அங்குலத் தூரத்தில் இதயம். வயிறு சுருங்கும் ஒவ்வொரு முறையும் கம்பி கொஞ்சம் முன்னே நகரும். அந்த மாடு முதுகை வளைத்து நிற்கும். முன்னங்கால் முட்டிகளை உடம்பிலிருந்து விலக்கி வைத்துக்கொள்ளும். சரிவில் இறங்க மறுக்கும், இறங்கினால் முனகும். மருத்துவர் முதுகின் மேட்டைப் பிடித்து அழுத்திப் பார்ப்பார். நல்ல மாடு முதுகைத் தாழ்த்தும். வலி உள்ள மாடு தாழ்த்தாமல் விறைத்து நிற்கும். எக்ஸ்ரே வசதி இல்லாத மருந்தகத்தில் நோயை ஊகிக்க நம்பகமான வழி அந்த நிலையும் நடையும்தான்.

2019 அக்டோபரில் சென்னையை ஒட்டிய திருமுல்லைவாயிலிலிருந்து ஒரு பசு வேப்பேரிக்கு வந்தது. 1903இல் தொடங்கிய சென்னைக் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை அங்கேதான் இருக்கிறது. சாணியும் சிறுநீரும் சரியாகப் போகவில்லை, பால் குறைந்துவிட்டது, பின்னங்காலால் தன் வயிற்றைத் தானே உதைத்துக்கொண்டிருந்தது. வயிற்றை உதைப்பது மாடு வயிற்றுவலியை வெளியிடும் வழிகளில் ஒன்று. வளர்ப்பவர் அதைக் கவனித்துச் சொன்னார். அறுவை ஐந்தரை மணி நேரம் நீடித்தது. வெளியே எடுத்த பிளாஸ்டிக்கின் எடை 52 கிலோ. ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தமிழ்நாட்டில் தடை வந்தது அதே ஆண்டு ஜனவரி 1 அன்று. தடைக்கு முன் எத்தனை ஆண்டுகளாக அந்த வயிறு நிரம்பியிருக்கும்!

வலிக்கு மட்டுமல்ல, வருமானத்துக்கும் நடத்தைதான் அளவுகோல். மாடு 21 நாளுக்கு ஒருமுறை பருவத்துக்கு வரும். அந்தப் பருவம் அரை நாளிலிருந்து முக்கால் நாள்வரைதான் நீடிக்கும். கத்திக்கொண்டே இருக்கும், தீனியில் மனம் போகாது, மற்ற மாட்டின் மேல் தாவும். எல்லாவற்றையும்விட உறுதியான அறிகுறி, இன்னொரு மாடு தன் மேல் தாவும்போது விலகாமல் நிற்பது. காலையில் பருவம் தெரிந்தால் மாலையில், மாலையில் தெரிந்தால் மறுநாள் காலையில் சினை ஊசி போட வேண்டும். கருமுட்டை வெளிவருவது பருவம் அடங்கிய பிறகுதான் என்பதால் இந்தக் கணக்கு. ஒரே ஒரு மாட்டைத் தனியாகக் கட்டி வளர்க்கும் புறநகர் வீட்டில் தாவ இன்னொரு மாடு இல்லை. எருமையோ கோடையில் சத்தமே இல்லாமல் பருவத்தைக் கடத்திவிடும். கவனம் தவறினால் மறுபடி 21 நாள் தீவனச் செலவு. “ஊசி பிடிக்கல” என்று குறைப்படுவதில் ஒரு பகுதி, ஊசியின் குறையல்ல, நேரத்தின் குறை.

இனி சொல்லப்போவது உயிர் சம்பந்தப்பட்டது. வெறிநாய்க்கடி நோயை உண்டாக்கும் வைரஸ், நரம்பு வழியாக மூளைக்குப் போய், அங்கிருந்து உமிழ்நீர்ச் சுரப்பிக்கு வந்து, கூடவே விலங்கின் நடத்தையையும் மாற்றிவிடுகிறது. கடிப்பதன் மூலம் பரவும் நோய், கடிக்கத் தூண்டும் நோயாகவும் இருக்கிறது. ஆனால் எல்லா வெறிநாயும் ஓடி ஓடிக் கடிப்பதில்லை. பழகிய நாய் ஒதுங்கி இருட்டு மூலையில் போய்ப் படுப்பதும், தனியாக இருந்த நாய் திடீரென்று ஒட்டிக்கொள்வதும், குரைக்கும் குரல் கம்முவதும் தொடக்க அறிகுறிகளாக இருக்கலாம். ஊமை வகை என்று சொல்லப்படும் வடிவத்தில் தாடை தொங்கிவிடும். விழுங்க முடியாமல் எச்சில் வழியும். பார்ப்பவருக்குத் தொண்டையில் எலும்பு மாட்டிக்கொண்டது போலத்தான் தோன்றும். அன்பு உள்ளவர்கள்தான் வாய்க்குள் கைவிட்டு எடுக்கப் பார்க்கிறார்கள், ஆபத்தும் அவர்களுக்குத்தான்.

மாட்டில் இது இன்னும் ஏமாற்றும். வெறிநோய் கண்ட பசு கரகரத்த குரலில் விடாமல் கத்தும், மற்ற மாடுகள் மேல் தாவும். பருவத்துக்கு வந்துவிட்டது என்று நினைப்பார்கள். விழுங்க முடியாமல் எச்சில் ஒழுகினால், ஏதோ அடைத்துக்கொண்டது என்று தொண்டைக்குள் கைவிடுவார்கள். அனுபவமுள்ள கால்நடை மருத்துவர் எச்சில் ஒழுகும் மாட்டைப் பார்த்ததும் கையுறையை மாட்டிக்கொண்டுதான் கிட்டப் போவார். அண்மையில் நாய் ஏதாவது கடித்ததா என்று கேட்பார். உயிரோடிருக்கும் விலங்கில் இந்த நோயை உறுதிப்படுத்த நம்பகமான எளிய சோதனை கிடையாது. இறந்த பின் மூளைத் திசுவைத்தான் பார்க்க வேண்டும். அதனால்தான் கடித்த நாயைப் பத்து நாள் கட்டிவைத்துக் கவனிக்கும் முறை வந்தது. எச்சிலில் வைரஸ் வெளிவரத் தொடங்கிவிட்ட நாய் அந்தப் பத்து நாளுக்குள் நோய்க்குறி காட்டி இறந்துபோகும். கடிபட்டவர் இதற்காகக் காத்திருக்கக் கூடாது. சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் கால் மணி நேரம் கழுவிவிட்டு அன்றே ஊசியைத் தொடங்க வேண்டும். நாயைக் கவனிப்பது பிறகு.

தெருநாய்களைக் கொல்லாமல் கருத்தடை செய்து, வெறிநோய்த் தடுப்பூசி போட்டு, பிடித்த தெருவிலேயே விடும் முறைக்கு இந்தியாவில் முன்னோடி நம் தென்சென்னைதான். 1959இல் கேப்டன் வி. சுந்தரம் தொடங்கிய புளூ கிராஸ் அமைப்பு 1964இலேயே இதை ஆரம்பித்தது. சென்னை மாநகராட்சி 1996இல் ஏற்றுக்கொண்டது. ஏன் அதே தெருவில் விட வேண்டும் என்று சண்டை போடாத குடியிருப்போர் சங்கம் இருக்காது. நாய் எல்லை வகுத்து வாழும் பிராணி. ஒரு தெருவை வெறுமையாக்கினால், குப்பைத் தீனி அங்கே இருக்கும்வரை, தடுப்பூசி போடாத வேறு நாய்கள் வந்து நிரப்பும். புதிதாக வந்தவை எல்லைக்காகச் சண்டையிடும். பழைய நாய் தடுப்பூசியோடு அங்கேயே இருப்பது அந்தத் தெருக் குழந்தைகளுக்குப் பாதுகாப்பு. இந்த வாதம் நிற்பதற்கு ஒரு நிபந்தனை உண்டு: தெருநாய்களில் பத்தில் ஏழுக்காவது தடுப்பூசி போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். பாதியில் நிற்கும் திட்டம் நாய்க்கும் உதவாது, மனிதருக்கும் உதவாது.

நோய் நடத்தையை மாற்றுவதைப் பார்த்தோம். பயம் உடலையே நோயாக்குவதும் உண்டு. அதன் கொடிய வடிவத்தை மானிடம் காணலாம். கிண்டி தேசியப் பூங்காவிலும் அதை ஒட்டிய வளாகங்களிலும் புள்ளிமான்கள் வாழ்கின்றன. சுவர் தாண்டி வந்து நாய்களிடமோ மக்கள் கூட்டத்திடமோ மாட்டிக்கொள்ளும் மான்கள் உண்டு. துரத்தப்பட்டு, பிடிபட்டு, கட்டப்பட்ட மானுக்கு வெளியே ஒரு கீறலும் இருக்காது. அன்றோ சில நாள் கழித்தோ இறந்துபோகும். பயத்தில் வெறிகொண்டு ஓடியதில் தசைகள் வெந்து சிதைந்து, அதிலிருந்து கசிந்த நிறமி சிறுநீரகத்தை அடைத்து, ரத்தம் அமிலமாகி விடுவதுதான் காரணம். வந்துவிட்டால் சிகிச்சை பெரிதாகப் பலிக்காது. வராமல் தடுக்கும் வழி மிக எளிது: துணியால் கண்ணை மூட வேண்டும், சுற்றி நிற்பவர்கள் பேசாமல் இருக்க வேண்டும், வெயிலில் வைக்கக் கூடாது, செல்பி எடுக்கும் கூட்டத்தை விலக்க வேண்டும். கண்ணுக்கும் காதுக்கும் அமைதி கொடுப்பதே அங்கே உயிர் காக்கும் சிகிச்சை.

நாயையும் பூனையையும் மருத்துவமனை பயம் கொல்வதில்லை. ஆனால் மருத்துவரை ஏமாற்றிவிடுகிறது. பூனையைப் பிளாஸ்டிக் கூடையில் போட்டு, ஸ்கூட்டரில் வைத்து, வேளச்சேரி பிரதான சாலை நெரிசலில் கொண்டுவந்து, குரைக்கும் நாய்களுக்கு நடுவே தரையில் வைக்கிறோம். பிறகு ரத்தச் சர்க்கரை பார்த்தால் நீரிழிவு நோயாளியின் அளவுக்கு ஏறியிருக்கும். பயத்தில் சுரக்கும் அட்ரினலினும் கார்டிசாலும் செய்த வேலை அது. அந்த எண்ணை நம்பி இன்சுலின் தொடங்கினால் பூனைக்குச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். நல்ல மருத்துவர் ஃப்ரக்டோசமைன் என்ற இன்னொரு சோதனையைக் கேட்பார். அது முந்தைய ஒன்றிரண்டு வாரங்களின் சராசரியைச் சொல்வதால் அந்த அரை மணி நேரப் பயம் அதில் தெரியாது. ரத்த அழுத்தமும் இப்படியே உயர்கிறது. வீட்டில் நொண்டும் பூனை மருத்துவரின் மேசையில் நொண்டாது. வலி இருக்கிறதா என்று கேட்டால் இல்லை என்றுதான் தோன்றும்.

இதற்காகவே வலியை முகத்தில் படிக்கும் முறைகள் வந்தன. 2010இல் சுண்டெலிக்கு, பிறகு குதிரைக்கு, 2019இல் மான்ட்ரியால் பல்கலைக்கழகக் குழுவினரால் பூனைக்கு. பூனையின் முகத்தில் ஐந்து இடங்களைப் பார்க்க வேண்டும்: காதுகள் பக்கவாட்டில் திரும்பி விலகியிருக்கின்றனவா, கண்கள் இடுங்கியிருக்கின்றனவா, மூக்கும் வாயும் இறுகியிருக்கின்றனவா, மீசை நேராக விறைத்திருக்கிறதா, தலை தோளுக்குக் கீழே தொங்குகிறதா. ஒவ்வொன்றுக்கும் பூஜ்யத்திலிருந்து இரண்டு மதிப்பெண். பத்துக்கு நான்கு வந்தால் வலி மருந்து கொடுக்க யோசிக்க வேண்டும். யாரும் கற்றுக்கொள்ளக்கூடிய கணக்கு இது.

கையாளும் விதமும் மாறிவருகிறது. பிடரியைப் பிடித்துத் தூக்கி மேசையில் அழுத்தும் பழக்கத்தை எதிர்த்து, விலங்கைப் பயமில்லாமல் கையாளும் நுட்பங்களை சோஃபியா யின் என்ற அமெரிக்கக் கால்நடை மருத்துவர் வகுத்தார். பூனையைக் கூடையிலிருந்து கொட்டாமல் கூடையின் மேல்மூடியைக் கழற்றி அதிலேயே பரிசோதிப்பது, துண்டில் சுற்றிப் பிடிப்பது, வழுக்கும் உலோக மேசையில் பாய் விரிப்பது, நாயின் கண்ணை நேருக்கு நேர் பார்க்காமல் பக்கவாட்டில் உட்கார்வது. பெரிய செலவு எதுவும் இல்லை; நேரம்தான் வேண்டும். ஒரு நாளில் நூற்றுக்கணக்கான விலங்குகள் வரும் அரசு மருத்துவமனையில் அந்த நேரம் எங்கே என்று கேட்பார்கள். கேள்வி நியாயமானதுதான். பயந்த நாயை மூன்று பேர் சேர்ந்து அமுக்குவதற்கும் நேரம் ஆகிறது, அடுத்த முறை அது வாசலிலேயே கடிக்க வருகிறது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

தீபாவளிக்கு முன் வாரம் நாய் வளர்ப்பவர்கள் தூக்க மருந்து கேட்டு வருவார்கள். இங்கே எச்சரிக்கை தேவை. ஏஸ்ப்ரோமசின் போன்ற பழைய மருந்தை மட்டும் கொடுத்தால் நாய் அசையாமல் கிடக்கும்; பயம் குறையாது. வெடிச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டு ஓட முடியாமல் கிடப்பது அதற்கு இரட்டைத் தண்டனை. பயத்தையே குறைக்கும் மருந்துகள் இருக்கின்றன. மருத்துவரிடம் அவற்றைக் கேட்க வேண்டும், அதுவும் முன்கூட்டியே.

இவை எல்லாவற்றையும்விட எனக்கு நம்பிக்கை தருவது, விலங்கையே சிகிச்சையில் பங்காளியாக்கும் பயிற்சி. கிழக்குக் கடற்கரைச் சாலையில் வடநெம்மேலியில் ரோமுலஸ் விட்டேக்கர் 1976இல் தொடங்கிய முதலைப் பண்ணையில், முதலைகளைத் தங்கள் பெயருக்கும் சில கட்டளைகளுக்கும் பணியப் பழக்கியிருக்கிறார்கள். மூளை சிறியது, பழக்க முடியாது என்று எல்லாரும் ஒதுக்கிய பிராணி! ஒவ்வொரு சரியான அசைவுக்கும் உடனே ஒரு துண்டு இறைச்சி, தண்டனை கிடையாது. அழைத்தால் வருகிற முதலையின் காயத்தைப் பார்க்கக் கயிறு போட்டு இழுத்துப் போராட வேண்டியதில்லை. உலகின் பல பூங்காக்களில் இன்று சிங்கமும் புலியும் கம்பிக்கு வெளியே வாலை நீட்டிக்கொண்டு படுத்திருக்க, வாலின் நாளத்திலிருந்து ரத்தம் எடுக்கிறார்கள். மயக்க மருந்து இல்லை, நெருக்கிப் பிடிக்கும் கூண்டு இல்லை. பிடிக்காவிட்டால் விலங்கு எழுந்து போகலாம், போவதில்லை. அப்படிப் பழகிய சிங்கத்துக்கு மூக்கு நீர் வடிவதற்கு முன்பே, ஒரு சாதாரண செவ்வாய்க்கிழமையில்கூட ரத்தப் பரிசோதனை செய்துவிட முடியும்.

வீட்டில் நாய் பூனை வளர்ப்பவர்களுக்கு இதில் உடனே செய்யக்கூடியது இருக்கிறது. கையில் இருக்கும் செல்பேசியில் வீடியோ எடுங்கள். வலிப்பு, இருமல், நொண்டல், இரவில் வட்டமடிப்பது, தண்ணீர்க் கிண்ணத்தின் முன் நின்றுவிட்டுக் குடிக்காமல் போவது எதுவானாலும் மருத்துவரின் மேசையில் அது தோன்றாது, வீடியோவில் இருக்கும். மருத்துவர் கேட்காவிட்டாலும் காட்டுங்கள்.

வயதான நாய்க்கும் பூனைக்கும் இன்னொன்று. நன்றாகத் தூங்கிக்கொண்டிருக்கும்போது மூச்சை எண்ணுங்கள். மார்பு ஏறி இறங்கினால் ஒன்று. அரை நிமிடம் எண்ணி இரண்டால் பெருக்கினால் போதும். வழக்கமாக நிமிடத்துக்கு முப்பதுக்குக் கீழே இருக்கும். சில முறை எண்ணியும் முப்பதைத் தாண்டியே இருந்தால் நுரையீரலில் நீர் கோக்கத் தொடங்கியிருக்கலாம். இதயம் தளரும் விலங்குகளில் இருமலுக்கும் மூச்சுத் திணறலுக்கும் முன்பே தெரிகிற அறிகுறி இது. வாரத்துக்கு ஒருமுறை எண்ணி நாட்காட்டியில் தேதியோடு குறித்து வையுங்கள். எண் ஏறினால் விடியும்வரை காத்திருக்காமல், அந்த நாட்காட்டித் தாளையும் எடுத்துக்கொண்டு மருத்துவரிடம் போங்கள்.